கூரைக்கு மேலே செயற்கைக்கோள்

மண்ணூர்பேட்டை,
அம்பத்தூர்.

மதிப்பிற்குரிய மச்சான் டில்லிபாபு அவர்களுக்கு, கோவிந்தராஜ் எழுதிக்கொள்வது. உன் அக்கா சரசாவும் நானும் என் தகரப் பட்டறையும் சௌக்கியம். அங்கே குவார்ட்டர்ஸில் எல்லோரும் சுகமென்று நம்புகிறேன். போனில் சொன்னால் சிரித்தே கெடுப்பாய், அதனால் கடிதம்.

என் மகள் தேவிப்பிரியா, எலக்ட்ரிகல் துறையில் இணைப் பேராசிரியையாக இருப்பவள், அவளுக்குப் பேராசிரியை ஆவதற்கான நேர்காணல் போன திங்கட்கிழமை என்று வைத்திருந்தார்கள். பதினாறு வருஷமாகச் செயற்கைக்கோள் ரேடாரை வைத்து, மேகம் மூடினாலும் எந்த ஏரியில் எவ்வளவு தண்ணீர் என்று கண்டுபிடிக்கிறாள். வீட்டு மோட்டார் ஓடாவிட்டால் மட்டும் ஆளைக் கூப்பிடச் சொல்கிறாள். நேர்காணலில் காட்ட அவளுக்கு ஒரு படம் வேண்டியிருந்தது. மூன்று அலுமினியத் தகடுகளை அறை மூலை போலச் சேர்த்து வெட்டவெளியில் வைத்தால், மேலே போகும் செயற்கைக்கோளின் அலையை அது வந்த வழியே திருப்பி அனுப்பும், படத்தில் வெள்ளைப் புள்ளியாக விழும், அதை வைத்துத் தன் கணக்கு சரியென்று நிரூபிப்பாள். நம் பட்டறை எதற்கு இருக்கிறது என்று நானே செய்து, நம் பாரிவாக்கம் காலி மனையில் அவள் சொன்ன சாய்வில் நிறுத்தினேன். செயற்கைக்கோள் வருவது வியாழன் காலை. அதை விட்டால் மறுபடி வரப் பன்னிரண்டு நாள் ஆகும்.

புதன்கிழமை வானம் கறுத்தது. "அண்ணாத்தே, மழ வர்ற மாதிரி கீது, சரக்கு நனைஞ்சிடும்" என்றான் மேஸ்திரி வேம்புலி. முப்பது வருஷ வியாபாரத்தில் நான் சரக்கை நனையவிட்டதில்லை. இரண்டே மணி நேரத்தில் நாலு கம்பி நட்டு மேலே தகரக் கூரை போட்டேன்.

வெள்ளிக்கிழமை படம் வந்தது, புள்ளி இல்லை. மனைக்கு வந்து பார்த்த பேராசிரியைக்குப் படிப்பெல்லாம் மறந்து பேட்டைப் பேச்சு வந்துவிட்டது.

"நைனா, சேட்டிலைட்டு மேலேர்ந்து பாக்குது. நீ மேலயே மூடி வச்சிகினு கீறியே!"

"நனையக் கூடாதேன்னு..."

"அது நனைஞ்சா இன்னா? இப்போ என் பொழப்பே நனைஞ்சிச்சே!"

லேப்டாப்பை மூடப் போனவள் நின்றாள். படத்தில் நம் பட்டறை மாடி இருக்கும் இடத்தில் ஊசி குத்தியது போல ஒரு வெள்ளைப் புள்ளி. எந்த உருப்படியையும் இரண்டிரண்டாகச் செய்வது என் வழக்கம் அல்லவா? சாய்வைச் சரிபார்க்க இன்னொன்றை மாடியில் அதே திசையில் நிறுத்தியவன், எடுக்க மறந்திருந்தேன். அதற்குக் கூரை போடத் தகரம் மிஞ்சவில்லை!

உடனே பட்டறைக்கு ஓடி அந்த இடத்தை அளந்துகொண்டாள். "வயல்வெளியில் எல்லோரும் வைப்பார்கள், இத்தனை தகரக் கூரைகளுக்கு நடுவில் புள்ளியைப் பிடிக்கும் துணிச்சல் யாருக்கு வரும்!" என்றாராம் திங்கட்கிழமை நேர்காணல் குழுத் தலைவர். இன்று பதவி உயர்வு உத்தரவு வந்துவிட்டது. தாய்மாமன் நீ ஞாயிற்றுக்கிழமை ஆளுயர மாலையோடு வந்து சேர். இனி அவள் ஆராய்ச்சிப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டேன் என்று சரசா முன்னால் சத்தியம் செய்திருக்கிறேன்.

உன் பிள்ளைகள் நன்றாகப் படிக்கவும், உனக்கு லீவு கிடைக்கவும் வாழ்த்தும்,
கோவிந்தராஜ்.

பி.கு.: தன் கல்லூரிக்கும் இதே போல் பத்து கிடைக்குமா என்று அந்தத் தலைவர் கேட்டாராம். யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறாள் பிரியா. நான் யோசிக்கவில்லை, தகடு வெட்டியாயிற்று. அமைப்பிலும் சின்னச் சின்னத் திருத்தம் செய்திருக்கிறேன். அவளிடம் மூச்சு விடாதே.