நின்றால் அணையும் விளக்கு

ஒரு காட்டில் மாலை ஆறே முக்கால் மணிக்கு நாற்பது சைக்கிள்கள் வேலைக்குப் புறப்படும். அவற்றில் விளக்குப் பூட்டிய சைக்கிள் ஒன்றே ஒன்றுதான். அது முள்ளம்பன்றி கோமதிநாயகத்துடையது.

கோமதிநாயகம் கரடி முதலாளியின் தேன் கிடங்கில் இரவுக் காவலர். தற்காலிக வேலை. சித்திரை மாதம் ஒழுங்காக வந்தால் நிரந்தரம், மூன்று முறை பிந்தினால் அந்த வேலை அணிலுக்கு என்று முதலாளி சொல்லியிருந்தார். அணில் டிபன் பாக்ஸோடு கிடங்கு வாசலிலேயே குடியேறிவிட்டது.

அந்தச் சித்திரையில்தான் காட்டுக்குப் புதுச் சட்டம் வந்தது. பொழுது சாய்ந்த பிறகு விளக்கில்லாமல் சைக்கிள் ஓட்டினால் சக்கரத்தில் காற்றைப் பிடுங்கிவிடுவார்கள். முப்பத்தொன்பது பேர் சட்டத்தைக் கேட்டுச் சிரித்தார்கள். கோமதிநாயகம் மட்டும் கடைக்கு ஓடினார்.

கடைக்காரர் உடும்பு மரியதாஸ். உள்ளே வந்த யாரையும் அவர் வெறுங்கையோடு வெளியே விட்டதில்லை.

"பேட்டரி லைட் பாக்கியளா?"

"சார்ஜ் போடணுமே அண்ணாச்சி. நம்ம வளையில கரண்ட் வந்தா அன்னிக்குப் பாயசம்லா வைக்கோம்."

"அப்ப பாட்டில்ல மின்மினி போட்டுத் தாரேன்."

"அதுக இப்ப சங்கம் வச்சிருக்கு. மழைன்னா லீவு, நிலான்னா லீவு."

மரியதாஸ் அடுத்து, சக்கரத்தின் நடுவிலேயே பொதிந்த டைனமோவை எடுத்து வைத்தார். சத்தம் கிடையாது, மிதிக்கப் பாரம் கிடையாது. விலையைக் கேட்டதும் கோமதிநாயகத்தின் முட்கள் தாமாக நிமிர்ந்தன. மரியதாஸ் இரண்டடி பின்னால் போய் நின்றுகொண்டு, டயரில் உரசி ஓடும் சாதா டைனமோவைக் காட்டினார். பின் சக்கரத்தில் சாய்த்துவிட்டால் போதும். சக்கரம் சுற்றினால் விளக்கு எரியும்.

"மிதிக்கக் கனக்குமோ?"

"பின்னால யாரோ பிடிச்சு இழுக்க மாதிரி இருக்கும். நமக்கு அது பழக்கம்தானே."

அன்று மாலை கோமதிநாயகத்துக்குக் கால் தரையில் பாவவில்லை. டைனமோ சுவர்க்கோழி போல ரீங்காரமிட்டது. பாதை முழுக்க மஞ்சள் வெளிச்சம். இத்தனை வருடமாகத் தான் விழுந்து எழுந்த பள்ளங்களை அன்றுதான் நேரில் பார்த்தார். ஒவ்வொன்றுக்கும் மணியடித்து விலகிப் போனார்.

ஆலமரத்தடிச் சோதனைச் சாவடியில் ஏட்டு ராமபாண்டி நின்றிருந்தார். காட்டெருமை. பொழுது சாய்ந்தால் கண் சரியாகத் தெரியாது. சாவடி பல்பு எரிந்ததாக யாருக்கும் ஞாபகமில்லை. ஆகவே வெளிச்சத்தோடு வருகிற எதையும் அவர் நிறுத்துவார்.

"நில்லும் வே."

கோமதிநாயகம் நின்றார். சக்கரம் நின்றது. விளக்கு அணைந்தது.

"லைட் எங்க?"

"இப்பம் எரிஞ்சுதே ஏட்டையா. அதைப் பாத்துத்தானே நிறுத்துனிய?"

"ஓடுற வண்டிய நான் எப்படிச் சோதிக்க? நிறுத்தித்தான் சோதிக்கணும். நிறுத்தினா உம்ம வண்டில லைட் இல்ல."

காற்று புஸ்ஸென்று போனது. அதே நேரம் பெருச்சாளி சுடலைமணி விளக்கில்லாத சைக்கிளில் முன்னால் ஒருவர், பின்னால் இருவரோடு கடந்தான்.

ஏட்டு காதை அசைத்தார். "யாருல அது?"

"யாரும் இல்ல ஏட்டையா," என்றது இருட்டு.

"சரி, போ."

வண்டியைத் தள்ளிக்கொண்டு போன கோமதிநாயகம் பிந்தினார். முதல் முறை. அணில் டிபன் பாக்ஸைத் திறந்து பார்த்து மூடிக்கொண்டது.

மறுநாள் மரியதாஸ், நின்ற பிறகும் கொஞ்ச நேரம் எரிகிற விளக்கு ஒன்றை மாட்டிவிட்டார். ஓடும்போது கொஞ்சம் மின்சாரத்தைச் சேர்த்து வைத்துக்கொள்ளுமாம். சாவடியில் கோமதிநாயகம் நிமிர்ந்து நின்றார். விளக்கும் நிமிர்ந்து எரிந்தது.

ஏட்டு சுற்றிச் சுற்றி வந்தார். "நல்ல சாமான்தான். உக்காரும்," என்றார். பிறகு தன் மகளுக்கு வந்த வரன்களைப் பற்றிப் பேசத் தொடங்கினார். முதல் வரனுக்குக் கொம்பு கோணல். இரண்டாவது வரன் சதுப்பு நிலத்துப் பக்கம், தண்ணீர் ஒத்துக்கொள்ளாது. மூன்றாவது வரனின் தாயாரைப் பற்றிச் சொல்லும்போது விளக்கு அணைந்தது.

"லைட் எங்க?" என்றார் ஏட்டு.

இரண்டாம் முறை.

"நாளைக்கும் பிந்தினா நீரு வர வேண்டாம்," என்றார் கரடி முதலாளி. அணில் சீருடைக்கு அளவு கொடுத்துக்கொண்டிருந்தது.

மூன்றாம் நாள் மரியதாஸ் வண்டிக்குப் பெரிய ஸ்டாண்ட் ஒன்றைப் பொருத்தினார். இழுத்துப் போட்டால் பின் சக்கரம் தரையை விட்டு எழும்பும். வண்டி நிற்கும், சக்கரம் சுற்றும். "இனி எந்த ஏட்டு என்ன சொல்லுதாருன்னு பாப்போம்," என்றார்.

சாவடியில் கோமதிநாயகம் ஸ்டாண்டைப் போட்டார். ஏறி உட்கார்ந்தார். மிதித்தார். ஆலமரம் விழுதோடு ஒளிர்ந்தது.

"லைட் இருக்கா ஏட்டையா?"

"இருக்கு வே."

"அப்ப நான் போகட்டுமா?"

ஏட்டு தலையைத் திருப்பினார். பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இருட்டு என்று அவர் நினைத்திருந்த இடத்தில் வரிசையாக முப்பத்தொன்பது சைக்கிள்கள் வந்துகொண்டிருந்தன. முதல் சைக்கிளில் சுடலைமணி, முன்னால் ஒருவர், பின்னால் இருவர்.

"நிறுத்தாதியும். மிதியும் வே, மிதியும்," என்றார் ஏட்டு.

ஏட்டு முப்பத்தொன்பது சைக்கிளிலும் காற்றைப் பிடுங்கினார். அன்று அந்தக் காட்டில் மிச்சமிருந்த காற்றெல்லாம் மரத்தின் மேலே மட்டும்தான் வீசியது. சுடலைமணி தட்டையான டயரைப் பார்த்தான், பிறகு கோமதிநாயகத்தைப் பார்த்தான்.

"அண்ணாச்சி, லைட்டு பிரமாதம். எந்தக் கடை?"

"ஏட்டையா, நான் வேலைக்குப் போகணும்," என்றார் கோமதிநாயகம், மூச்சு வாங்க.

"நீரு போனா வெளிச்சம் போயிருமே," என்றார் ஏட்டு, நியாயமாக.

அணிலுக்கு வேலை கிடைத்தது.

வைகாசி பன்னிரண்டாம் தேதி, கோமதிநாயகம் காட்டுக் காவல் துறையில் சாவடி விளக்காக நியமிக்கப்பட்டார். பணி நிரந்தரம், ஓய்வூதியம் உண்டு. சைக்கிள் அரசுடைமை ஆனதால் அவர் வேலைக்கு நடந்து வருகிறார்.

நீதி: சைக்கிளுக்கு விளக்கு வாங்குவோர் சுமாராக எரிவதையே வாங்குக. நன்றாக எரிகிறவரை யாரும் போக விடுவதில்லை.