கீழே சூப், மேலே முட்டை

முட்டையைத் தின்பதா வேண்டாமா என்பதுதான் காலையிலிருந்து டிரைவரின் பிரச்சினை. அவித்து, மசித்து, தட்டில் வைத்துவிட்டு மனைவி எதிரே உட்கார்ந்திருந்தாள். வாயைத் திறந்தார், மூடினார், தட்டைத் தள்ளிவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்.

எடை குறைய இரைப்பையைச் சுருக்கிக்கொண்டவர் அவர். வயிறு ஸ்டியரிங்கை இடிக்கிறது, இளைத்து வந்தால் வண்டி, இல்லாவிட்டால் டிக்கெட் கவுன்ட்டர் என்று மேனேஜர் கறாராகச் சொல்லிவிட்டார். அவருடைய பஸ்ஸை இப்போது ஒரு புதுப்பையன் ஓட்டுகிறான், கியரைப் போட்டு உடைக்கிறான் என்று கேள்விப்பட்டதிலிருந்து மனுஷனுக்கு மனசே சரியில்லை. திரும்பிப் போக வேண்டுமானால், ஆபரேஷன் செய்த சர்ஜனும் உணவு முறை சொல்லும் டாக்டரம்மாவும் ஒரே சர்டிபிகேட்டில் கையெழுத்துப் போட வேண்டும்.

அங்கேதான் வண்டி நின்றுவிட்டது. கீழ்த்தளத்து சர்ஜன் சூப் மட்டும் போதும் என்கிறார். மேல்மாடி டாக்டரம்மா முட்டை கட்டாயம், இல்லாவிட்டால் முடி கொட்டும் என்கிறார். கொட்டுவதற்கு டிரைவர் தலையில் ஒன்றுமில்லை என்பது வேறு விஷயம்.

சர்ஜனிடம் முட்டை விஷயத்தைச் சொன்னார்.

"எப்படிச் சொன்னாங்க? கோவமாவா?"

"சாதாரணமாத்தான் சார்."

சர்ஜன் முகம் தொங்கிப்போனது. "சூப்புதான். அப்புறம், மூஞ்சியத் தூக்கி வச்சிட்டு சாப்பிட்டா செரிக்காது. இதை மேலயும் போய்ச் சொல்லுங்க."

டிரைவர் மூஞ்சியை இறக்கி வைத்துக்கொண்டு மாடியேறினார். டாக்டரம்மா கேட்டுவிட்டுப் பேனாவை மேஜையில் போட்டார்.

"முட்டைதான். ராத்திரி நேரத்தோட சாப்பிடணும். லேட்டா வந்தா ஆறினதுதான் கிடைக்கும்னு அவர்கிட்டயே சொல்லுங்க."

ஆறினதும் சாப்பிடலாமா, கூடாதா? டிரைவருக்குத் தலை சுற்றியது. வீட்டுக்குப் போய், எதற்கும் இருக்கட்டும் என்று சூப்பில் முட்டையைக் கலக்கச் சொன்னார். ஒரு வாய் உள்ளே போனதும் வயிறு கடமுடா என்றது. நீங்க சாப்பிடுறதே எனக்குப் பயமா இருக்கு என்று மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதைப் பார்த்ததும் அவருக்கும் அழுகை வந்துவிட்டது.

மறுநாள் ஒரு முடிவோடு போனார். பொய்தான் சொல்வது, வேறு வழியில்லை. டாக்டரம்மா சூப்புக்குச் சரி சொல்லிவிட்டார்கள் என்று கீழே சொன்னார்.

சர்ஜன் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். "ஒத்துக்கிட்டாங்களா? அவங்களுக்கு உடம்பு ஏதும் சரியில்லையா? போய்ப் பாத்துட்டு வந்து சொல்லுங்க."

தான் நோயாளியா, டாக்டரா என்ற சந்தேகத்தோடு டிரைவர் படியேறினார். சர்ஜன் முட்டைக்கு ஒத்துக்கொண்டார் என்று மேலே அடுத்த பொய்யை அவிழ்த்துவிட்டார்.

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவரையே பார்த்தார்.

"அவரா ஒத்துக்கிட்டாரு? அப்ப உங்க வயித்துல பெருசா ஏதோ இருக்கு. சர்டிபிகேட்டெல்லாம் அப்புறம். முதல்ல ஸ்கேன் எடுங்க."

டிரைவர் பாதிப் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். மேலே போவதா, கீழே போவதா, ஒன்றும் புரியவில்லை. படி துடைத்துக்கொண்டிருந்த ஆயா, காலைத் தூக்குங்க என்றாள். யாராவது கேட்டால் போதும் என்றிருந்தவர், காலைத் தூக்கிக்கொண்டே முட்டையில் ஆரம்பித்து ஸ்கேன் வரைக்கும் கொட்டித் தீர்த்தார். நல்லா ஆகிட்டேன், கையெழுத்துப் போடுங்கன்னு ரெண்டு பேர் காலிலும் விழப்போறேன் என்றார்.

ஆயா மாப்பைச் சுவரில் சாய்த்துவிட்டு, மேலேயும் கீழேயும் பார்த்துக்கொண்டு பக்கத்தில் வந்து குனிந்தாள்.

"நல்லாயிட்டேன்னு மட்டும் சொல்லிடாதீங்கண்ணே, புருஷனும் பொண்டாட்டியும் வீட்டுல பேச்சை நிறுத்தினதிலேருந்து உங்க வாயாலதான் குடும்பம் நடத்துறாங்க."