பாய்லர் தண்ணீரும் உங்கள் மகளும்

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு வணக்கம். உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம்; உங்கள் மகளால் எனக்கு மட்டும் படபடப்பு.

நேற்று அவள் மூக்குக்கண்ணாடியை மறந்துவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். ஆஸ்பத்திரித் துணிகளை வெளுக்கும் அந்த ஆலைக்கு நானே கொண்டுபோனேன். பாய்லருக்குப் போகும் தண்ணீரைச் சின்னக் குடுவையில் பிடித்து மருந்துச் சொட்டு விட்டுக்கொண்டிருந்தாள். நீலமானால் நல்ல தண்ணீராம், சிவந்தால் சுண்ணாம்பு கலந்ததாம். சிவந்தது. குடுவையைக் கழுவி மறுபடி பிடித்தாள், மறுபடியும் சிவப்பு. "பாய்லரை நிறுத்துங்க" என்றாளே பார்க்கணும், மேனேஜர் பாய்லரைவிட அதிகமாகக் கொதித்துவிட்டார்.

"ஆபரேஷனுக்குத் துணி போகணும்மா. தண்ணி பளிங்கு மாதிரி இருக்கு, அதுல என்ன குறை?"

"பளிங்காத்தான் சார் இருக்கும். உள்ள போய்க் கொதிச்சா குழாய் மேல பாறையாப் படியும். குழாய் சூடு தாங்காம ஓட்டையானா, அப்புறம் மாசக்கணக்குல துணி போகாது."

"நிறுத்தினா உங்க வேலைக்கு நான் பொறுப்பில்ல."

"சரி சார். முதல்ல நிறுத்துங்க."

சம்பந்தியம்மா, அவள் குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. எனக்கு வாய் சும்மா இருக்குமா? "எங்க வீட்டு வெந்நீர்க் கெட்டிலை வந்து பாருங்க சார், உள்ள சுவரே எழும்பியிருக்கு" என்றேன். "இவங்க யாரு?" என்றார். "என் மாமியார்" என்றாள். உடனே அவர் பாய்லரை நிறுத்தச் சொல்லிவிட்டார்.

அவள் குழாய் குழாயாகத் தேடிப் போனாள். சுண்ணாம்பை எடுக்கும் தொட்டிக்குள் போகாமல், சரியாக மூடாத ஒரு வால்வு வழியாகத் தண்ணீர் நேரே பாய்லருக்குப் பாய்ந்துகொண்டிருந்தது. மூடினாள், பழையதை வடித்தாள், புதிதாகப் பிடித்துச் சொட்டு விட்டாள். நீலம். அப்போதும் விடவில்லை, தண்ணீரில் காற்று கலந்திருந்தால் இரும்பை அரிக்குமாம், அதையும் சோதித்துவிட்டுத்தான் பாய்லரை மூட்டச் சொன்னாள். கல்யாணத்தன்றுகூட அவள் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. இதை என் மகனிடம் சொல்லிவிடாதீர்கள். துணியும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. ஆனால் மேனேஜர், "நாளைக்கு ஆபீஸ்ல வந்து என்னைப் பாருங்க" என்று மட்டும் சொன்னார். இன்று போனவள் இன்னும் வரவில்லை, எனக்குச் சோறு இறங்கவில்லை.

இந்தப் பாடு நமக்கு எதற்கு? வேலையை விடச் சொல்லி நீங்கள்தான் அவளுக்குப் புத்தி சொல்ல வேண்டும். ஒரு மாதம் அங்கே கூட்டிப்போய் வைத்துக்கொள்ளுங்கள். சம்பந்தி ஐயாவுக்கு என் வணக்கம், வீட்டுப் பிள்ளைகளுக்கு என் ஆசி.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி

பி.கு.: மேலே கேட்டதை மறந்துவிடுங்கள். அவள் இப்போதுதான் வந்தாள். அவள் தண்ணீரைப் பார்த்துச் சரி என்று சொல்லாமல் இனி பாய்லரை மூட்டக்கூடாது என்று உத்தரவாம். அதனால் அவளை அனுப்ப முடியாது, நீங்கள் இங்கே வாருங்கள். வந்து, வேலையை விடு என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். சொன்னால் சண்டை உங்களுக்கும் அவளுக்கும் இல்லை, உங்களுக்கும் எனக்கும்தான்.