கடல்நீலி காட்டிய திருடன்

வெள்ளிக்கிழமை காலையில் கொழும்பு கொட்டாஞ்சேனையின் அந்தக் குறுகிய ஒழுங்கைக்குள் த்ரீவீல் நுழைய முடியாது. வெள்ளவத்தையிலிருந்து காரில் வந்தவர்களும் கிராண்ட்பாஸிலிருந்து நடந்து வந்தவர்களும் முண்டியடித்தார்கள். எல்லோருக்கும் ஒரு திருடன் தேவைப்பட்டான். அதற்குப் பொலிஸ் இருக்கிறதே என்று கேட்காதீர்கள். பொலிஸுக்குச் சாட்சி வேண்டும். செடிக்கு வேண்டாம்.

செடி சீமெந்துத் தொட்டியில் இடுப்பளவு உயரத்துக்கு நின்றது. ஊதாப் பூ. மன்னாருக்கு அப்பால் ஒரு சின்ன மணற்கரையைத் தவிர உலகில் வேறெங்கும் இது முளைக்காது என்றார் செடியின் சொந்தக்காரர் பூச்சாமி. அதில் மட்டும் பொய்யில்லை. அங்கே மிஞ்சியிருந்ததில் ஆறு செடிகளை வேரோடு கிண்டி வந்தவர் அவர்தான். ஐந்து வழியிலேயே செத்தன. பிழைத்ததற்குக் கடல்நீலி என்று பெயர் வைத்து, திருடரைக் காட்டும் உத்தியோகமும் கொடுத்தார். கடற்கரையில் இருந்தவரை அந்தச் செடி யாரையும் திருடன் என்று சொன்னதில்லை. பூச்சாமியின் சொந்தப் பெயர் ஜீவராஜ். முன்பு போன் ரீலோட் கடை வைத்திருந்தார்.

பொருள் தொலைத்து வந்த வீட்டாரின் கையில் ஆளுக்கொரு கிளாஸ் தண்ணீர் கொடுப்பார். ஒவ்வொன்றிலும் ஒரு பூவைக் கசக்கிப் போடுவார். நல்லவர் தண்ணீர் ஊதாவாகும். திருடர் தண்ணீர் பச்சையாகும். யார்மேல் சந்தேகம் என்று முதல் நாளே போனில் கேட்டுக்கொள்வார். செடிக்குச் சொல்லிவைக்கத்தானாம்.

அன்று வந்தவர் வெள்ளவத்தை சந்திரகுமார். மனைவியின் சங்கிலியைக் காணவில்லை. மனைவியோடு, வீட்டில் வேலைக்கு நின்ற ரதியையும் கூட்டி வந்திருந்தார். ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வந்தவள் அவள். வரமாட்டேன் என்றவளை, எடுக்காதவளுக்கு என்ன பயம் என்று கேட்டுக் காரில் ஏற்றியிருந்தார். பச்சையானால் வேலை போகும். அதன்பின் கொழும்பில் எந்த வீட்டிலும் அவளைச் சேர்க்கமாட்டார்கள்.

சந்திரகுமாரின் கிளாஸ் ஊதா. மனைவியுடையது ஊதா. ரதியுடையது பச்சை.

முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது என்றது கூட்டம். அந்த முகத்தை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்த கூட்டம்.

ரதி அழவில்லை. கிளாஸை வாங்கும்போது விரலில் தண்ணீர் சிந்தியிருந்தது. தேய்த்துப் பார்த்தாள். வழுவழுத்தது. தினமும் உடுப்புத் தோய்க்கிற கைக்குச் சலவைச் சோடாத் தண்ணீர் தெரியாதா?

"சாமி, அவுங்களுக்கு ஜக்குல இருந்து ஊத்துனீங்க. எனக்கு மட்டும் செம்புல இருந்து ஊத்துனீங்க. மாத்தி ஊத்திப் பாருங்க," என்றாள்.

ஒரே ஆளிடம் கடல்நீலி இரண்டு முறை பேசாது என்றார் சாமி.

"அப்ப உங்ககிட்டப் பேசட்டும்."

சாமி திரைக்குப் பின்னால் நகரப் பார்த்தார். முன்வரிசையிலிருந்த கொன்ஸ்ரன்ஸ் என்ற பெண் எழுந்து வழியை மறித்தாள். மூன்று மாதத்துக்கு முன் இதே பச்சைத் தண்ணீரைப் பார்த்துத்தான் தன் வீட்டில் வேலை செய்த சீனியம்மாவை அவள் துரத்தியிருந்தாள். சீனியம்மா போனபிறகும் வீட்டில் பொருள் காணாமல் போய்க்கொண்டிருந்தது. அதைக் கேட்கத்தான் அன்று வந்திருந்தாள்.

கொன்ஸ்ரன்ஸ் செம்பை எடுத்து ஒரு கிளாஸில் ஊற்றிச் சாமியின் கையில் திணித்தாள். ரதி ஒரு பூவைப் பறித்துக் கசக்கிப் போட்டாள். பச்சை.

கடல்நீலி கொழும்புக்கு வந்தபின் திருடனைச் சரியாகக் காட்டியது அன்றுதான்.

பிறகு ஜக்குத் தண்ணீரை ரதியின் கையில் கொடுத்தார்கள். ஊதா. செம்புத் தண்ணீரைச் சந்திரகுமாரிடம் கொடுத்தார்கள். பச்சை. கூட்டம் சிரித்தது. அந்தச் சிரிப்புக்குள் ஜீவராஜ் பின்வாசலால் மறைந்தார்.

கொன்ஸ்ரன்ஸ் சிரிக்கவில்லை. "பன்னெண்டு வருஷம் என் வீட்டில நிண்டவ. எடுத்தியா எண்டு அவகிட்ட ஒருக்காக்கூட நான் கேக்கல்ல. செடிகிட்டத்தான் கேட்டேன்," என்றாள். சீனியம்மாவின் நம்பருக்கு எடுத்துப் பார்த்தாள். அது வேலை செய்யவில்லை.

சந்திரகுமார் ரதியைக் காரில் ஏறச் சொன்னார். தான் திருடவில்லை என்று இத்தனை பேருக்கு முன்னால் அவரை ஒருமுறை சொல்லும்படி அவள் கேட்டாள். அவர் கார்ச் சாவியைத் தேடினார். அவள் புறக்கோட்டை பஸ்ஸில் ஏறிப் போய்விட்டாள்.

கூட்டத்துக்குப் புத்தி வந்திருக்கும் என்று நினைப்பீர்கள். தெஹிவளையில் தேங்காய் உருட்டித் திருடரைக் காட்டுகிற ஒருவரின் நம்பரை அது வாங்கிக்கொண்டிருந்தது. தேங்காய்க்குள் என்ன இருக்கிறது என்று உடைத்துப் பார்க்கலாம். தலைக்குள் இருப்பதைப் பயன்படுத்தித்தான் பார்க்கவேண்டும்.