கடி ஜோக்குக்கு ஒரு தவக்காலம்

"உங்க ஜோக்குக்கு நான் ஒரு நாளாவது சிரிச்சிருக்கேனா, பெனிட்டோ?"

"இல்லீங்க."

"அப்புறம் ஏன் தினம் ஒண்ணு சொல்றீங்க?"

"நாளைக்காவது சிரிப்பீங்களோன்னுதான்."

ஷைலா அப்போதும் சிரிக்கவில்லை. உதட்டை இறுக்கிக்கொண்டு, கையுறையை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனன்று கோயிலில் நெற்றியில் சாம்பல் வாங்கும்போது, பெனிட்டோவின் மண்டைக்குள் இந்தப் பேச்சுதான் ஓடிக்கொண்டிருந்தது.

அம்பத்தூர் எஸ்டேட்டில் 'டை' என்கிற இரும்பு அச்சுகளும் பிரஸ் டூலும் செய்யும் கம்பெனியில் அவன் ஸ்டோர் கீப்பர். ஷைலா அங்கே குவாலிட்டி இன்ஸ்பெக்டர். மூன்று வருடமாக அவளிடம் ஒரே ஒரு விஷயம் கேட்க நினைத்துக்கொண்டிருந்தான். ஆனால் அவளைப் பார்த்து வாயைத் திறந்தால் கடி ஜோக்தான் வரும்.

"நம்ம கம்பெனியில தினமும் பத்து 'டை' ஆகுது, ஒருத்தருக்கும் சாவு மட்டும் வரல!"

"லேத் லேட்டாத்தாங்க ஓடும், பேர்லயே இருக்கே!"

போன வாரம் மனதைத் திறந்துவிடுவது என்று தீர்மானமாகப் போனவன், "ஸ்டோர்ல ஆயிரம் போல்ட் இருக்கு. நான்தான் போல்டா இல்ல" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்திருந்தான்.

ஊரில் எல்லோரும் தவக்காலத்துக்குக் கறி, மீனை விட்டார்கள். பெனிட்டோ கடி ஜோக்கை விட்டான். நாற்பது நாளில் நாக்கு சுத்தமாகிவிடும். ஈஸ்டரன்று நேராகக் கேட்டுவிடலாம். சிக்கல் ஒன்றுதான். நோன்பைத் தம்பட்டம் அடிக்கக் கூடாது என்று சாமியார் பிரசங்கத்தில் சொல்லியிருந்தார். அதனால் காரணத்தைப் பற்றி ஒருவரிடமும் மூச்சுவிடவில்லை.

மறுநாளே கரையான்சாவடி நஜீர் அவனை மடக்கிவிட்டான். லேத் ஓட்டுபவன், பெனிட்டோவின் ஜோக் இல்லாமல் அவனுக்கு டீ இறங்காது.

"இன்னா மாமே, டை ரெடியான்னு கேக்கறேன், சும்மா கீறே?"

"ரெடி."

"அவ்ளோதானா? ஒடம்பு கிடம்பு சரியில்லியா?"

"பல்லு வலி" என்று சமாளித்தான் பெனிட்டோ.

சாயங்காலத்துக்குள் சேதி அம்மா ஆரோக்கியம்மாளுக்குப் போய்விட்டது. கையைப் பிடித்துப் பல் டாக்டரிடம் இழுத்துப் போனாள். எந்தப் பல் என்று கேட்டார் டாக்டர். ஏதாவது ஒன்றைக் காட்ட வேண்டுமே, காட்டினான். அது நிஜமாகவே சொத்தை. பிடுங்கிவிட்டார்.

பல் போயும் ஜோக் வரவில்லை என்றதும் நஜீர் மறுபடி பிடித்துக்கொண்டான். இந்தத் தடவை, "தொண்டை கட்டிக்கிச்சு" என்றான் பெனிட்டோ. ரமலானும் கூடவே வந்திருந்ததால், பள்ளிவாசலில் வாங்கிய நோன்புக் கஞ்சியைத் தூக்கோடு நீட்டினான் நஜீர்.

"குடி மச்சான், தொண்டைக்கு எதமா இருக்கும். நான் பகல்ல சோறு தண்ணியைத்தான் வுட்டேன், நீ பேச்சையே வுட்டுட்டியே!"

மானேஜர் கோவிந்தராஜ் இன்னும் ஒரு படி மேலே போனார். "கவுன்டர்ல நின்னு கத்திக் கத்தித்தான் தொண்டை போச்சு. ஈஸ்டர் வரைக்கும் செம்பரம்பாக்கம் குடோனைப் பாத்துக்கோ. அங்க பேசறதுக்கு ஆளே கிடையாது."

ஷைலாவும்தான் கிடையாது. யாருக்காக நாக்கைக் கட்டினானோ அவளையே பார்க்க முடியாமல், இரும்புத் தகடுகளோடு உட்கார்ந்திருந்தான்.

ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழனன்று அவளே போன் பண்ணினாள்.

"என்மேல கோபமா, பெனிட்டோ?"

நாக்கு நுனியில் ஒரு ஜோக் வந்து குதித்தது. அதைக் கடித்து விழுங்கிவிட்டு வேறு வார்த்தை தேடுவதற்குள், "சரி, விடுங்க" என்று லைனைத் துண்டித்துவிட்டாள். அன்றைக்குப் பெனிட்டோவுக்குச் சாப்பாடே வேண்டியிருக்கவில்லை.

ஈஸ்டர் காலை. பூசை முடிந்து, கோயில் வளாகத்தில் ஷைலா அப்பாவின் கையைப் பிடித்தபடி நின்றிருந்தாள். அப்பா சத்தியராஜ், ரிட்டயரான பஸ் டிரைவர். மனைவி போனதிலிருந்து வீட்டை விட்டு அதிகம் வெளியே வராதவர். பெனிட்டோவை அவர் தடியை ஊன்றிக்கொண்டு உற்றுப் பார்த்தார்.

பெனிட்டோ நேராக ஷைலா முன்னால் போய் நின்றான். நாற்பது நாள் நோன்பு கைகொடுத்தது.

"கோபமெல்லாம் இல்லீங்க. உங்களுக்குப் பிடிக்கலையேன்னு கடி ஜோக்கைத் தவக்காலத்துக்கு விட்டிருந்தேன். ஷைலா, என்னைக் கட்டிக்கிறீங்களா?"

போல்ட் இல்லை, லேத் இல்லை, டை இல்லை. நேரான ஒரே கேள்வி.

ஷைலா வழக்கம்போல உதட்டை இறுக்கிக்கொண்டாள். கண் மட்டும் கலங்கியிருந்தது. போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தான் பெனிட்டோ.

சத்தியராஜ் தடியைத் தரையில் ஒரு தட்டுத் தட்டினார்.

"இன்னா நைனா நீ! அங்கியே சிரிச்சிட்டா ஊட்டாண்ட வந்து எனக்குச் சொல்றப்ப சிரிப்பு வராதுன்னு, இவ உதட்டைக் கடிச்சுக்கினு தினமும் உன் ஜோக்கை முழுசா எடுத்தாந்து எனக்குச் சோத்தோட போடுவா. நாப்பது நாளா எனக்குச் சோறே எறங்கல. கல்யாணத்தை அப்பால பேசிக்கலாம் மாப்ளே, மொதல்ல ஒண்ணு எடுத்து வுடு!"