வெப்பக் கூடை

"சார், இந்த வெப்பமெல்லாம் எங்க சார் போகுது?" என்று ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி கேட்டாள். உலகத்து அறிவியல் ஆசிரியர்களில், அந்தக் கேள்விக்கு ஒரு கூடையை வைத்துப் பாடம் நடத்திய பெருமை எனக்கே உரியது.

அன்று கல்வி அதிகாரி வருகை. பாடம்: உணவுச் சங்கிலியில் ஆற்றல் பாய்வது. 'நேரடி அனுபவக் கல்வி' வேண்டும் என்று தலைமை ஆசிரியர் ஆணையிட்டிருந்ததால், படங்களை ஒதுக்கிவிட்டு உண்மையான உணவைக் களமிறக்கினோம். உணவு, முன்வரிசைச் சிறுமியின் டப்பாவில் இருந்தது. ரொட்டித் துண்டுகள் மிகச் சரியாகப் பத்து. கணக்குக்கு இதைவிட வசதி ஏது? அவளையே 'புல்' ஆக்கினேன்.

"சார், அதுல பாதி என் தங்கச்சிக்கு. ரெண்டாங்கிளாஸ்ல இருக்கா."

"புல்லுக்கு ஏதும்மா தங்கச்சி? பாடத்தைக் கவனி."

ஒரு நிலையிலிருந்து அடுத்த நிலைக்குப் பத்தில் ஒரு பங்கு ஆற்றல்தான் போகும்; மற்றது வெப்பமாகக் கழியும். ஆகவே வெட்டுக்கிளிக்கு ஒரு துண்டு. மீதி ஒன்பதும் 'வெப்பம்' என்று எழுதி ஒட்டிய கூடைக்கு. வெட்டுக்கிளி ஒரு கிள்ளு கிள்ளித் தவளைக்குக் கொடுத்தான். தவளையிடமிருந்து பாம்புக்குப் பொடி போயிற்று. பருந்து விரலைச் சப்பிக்கொண்டு நின்றான்.

அப்போதுதான் புல் அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

"காத்துல கலந்துடும்மா," என்றேன்.

கூடை ஆசிரியர் அறைக்குப் போயிற்று. அங்கே டீயோடு வெப்பம் பரிமாறப்பட்டது.

"பிரமாதம் சார்! பசங்க மனசுல அப்படியே பதிஞ்சிருக்கும்," என்று நான்கு துண்டு அளவுக்குப் பாராட்டினார் அதிகாரி. தலைமை ஆசிரியர் மூன்று. அடியேன் இரண்டு.

ஜன்னலுக்கு வெளியே, குழாயடியில் புல் தன் தங்கையின் கையில் தண்ணீர் பிடித்து ஊற்றிக்கொண்டிருந்தாள். "நல்லா குடிடி. வயிறு ரொம்பிடும்."

'முன்மாதிரிப் பாடம்' என்று அதிகாரி அறிக்கை எழுதினார்.

ஆற்றல் மேலிருந்து கீழே திரும்பாது என்று பல வருடங்களாகக் கற்பிப்பவன் நான். மறுநாள் காலை, எல்லாரும் வெளியே பிரார்த்தனையில் நின்றபோது, வகுப்புக்குள் நுழைந்து அவள் பையில் ஜாம் தடவிய பத்துத் துண்டு ரொட்டியை வைத்தேன். என் பிரார்த்தனை அவ்வளவுதான்.

கரும்பலகையில் நேற்றைய சங்கிலி பருந்தோடு முடிந்திருந்தது. அதற்கு மேலே விட்டுப்போனதை எழுதினேன்: தலைமை ஆசிரியர், அதிகாரி, நான்.

பிள்ளைகளின் காலடிச் சத்தம் கேட்டது. அவசரமாக அழித்தேன். 'நான்' என்பதைத்தான் முதலில்.