அத்தானின் விழாவில் நான் வாய் திறக்காத காரணம்

மாட்சிமை மிக்க அத்தான் அவர்களின் திருச்சமூகத்திற்கு, தங்கள் பிள்ளைகளின் ஒரே தாய்மாமனும் தங்கள் தங்கையின் ஒரே கணவனுமாகிய அடியேன் தலை வணங்கி எழுதுவது. இங்கு நான், உங்கள் தங்கை, ஒழுகும் சமையலறைக் குழாய் மூவரும் நலம். அங்கே தாங்களும் தங்கள் கோபமும் நலமென்று அக்கா போனில் சொன்னாள்.

இந்தக் கடிதத்தில் நான் சொல்லப்போவதை உலகத்தில் ஒருவரும் நம்பமாட்டார்கள் என்று உறுதி கூறி ஆரம்பிக்கிறேன். தாங்கள் நம்பாவிட்டாலும் வருத்தமில்லை. என் போனை எடுக்காமல் இருப்பதுதான் வருத்தம். "தூக்கத்துல கூட வாயை மூடாதவன், என் பணி ஓய்வு விழாவுல மைக்கைக் கையில கொடுத்தும் ஒரு வார்த்தை பேசலையே, அவ்வளவு இளக்காரமா போயிட்டேனா நான்" என்று கேட்டீர்களாம். நியாயமான கேள்வி. உதட்டை இறுக்கிக்கொண்டு, நெஞ்சில் கையை வைத்து, தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்தவனை வேறு எப்படி எடுத்துக்கொள்வது?

நடந்தது இதுதான். அன்று நாங்கள் சீக்கிரமே வந்துவிட்டோம். மண்டபத்துக்குப் பக்கத்துப் பூங்காவில், தங்களுக்கு வாங்கிய நடைப்பயிற்சி ஷூவைப் பெட்டி திறந்தபடி பெஞ்சில் வைத்துவிட்டு, உங்கள் தங்கை கைப்பையில் ரிப்பனைத் தேடிக்கொண்டிருந்தாள். நான் பேச்சை ஒத்திகை பார்க்க மேடை தேடினேன். பிள்ளைகள் ஏறிச் சுற்றும் இரும்புச் சக்கரம் ஒன்று காலியாக இருந்தது. அதில் வெளிப்பக்கம் பார்த்து உட்கார்ந்து, முதுகுக்குப் பின்னால் இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தேன். முன்னுரை முடிவதற்குள், "காலையிலேர்ந்து இதையே கேட்டுக் கேட்டுக் காது வலிக்குது. கொஞ்சம் காத்து வாங்கிக்கிட்டே பேசுங்க" என்று உங்கள் தங்கை சக்கரத்தை ஒரு தள்ளு தள்ளினாள்.

அவ்வளவுதான் அத்தான், பூங்கா முழுவதும் ஒரு பச்சைக் கோடாகிவிட்டது, ஹெலிகாப்டர் இறங்குகிறது என்று காகங்கள் குடும்பத்தோடு ஊரைக் காலி செய்தன, காவலாளியின் தொப்பி மூன்றாவது தெருவில் போய் விழுந்தது, சட்டைப் பொத்தான்கள் ஒவ்வொன்றாக விடைபெற்றன, என் தொப்பை எனக்கு முன்னால் ஒரு முழம் போய் நின்றுகொண்டு நீயும் வா என்கிறது, ஏதோ ஒரு பூதம் எதிரே நின்று என்னை நெஞ்சோடு பிடித்து வெளியே இழுக்கிறது, நான் கம்பியை விடமாட்டேங்கிறேன், அது என்னை விடமாட்டேங்குது, அந்த நிலையிலும் பேச்சை நிறுத்தினேனா பாருங்கள், "எனக்கு அண்ணன் இல்லாத குறையை" என்று வாயைத் திறந்ததுதான் தாமதம், பூதம் என் பல்செட்டைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. எதிரே இருந்த புதருக்கு மேலே எழும்பி, மேகத்தைத் தாண்டி, இந்நேரம் அது பூமியைச் சுற்றிக்கொண்டிருக்கும்.

இருந்தாலும் ஒரு நப்பாசை. நாங்கள் இருவரும் அந்தப் புதரை இலை இலையாகப் பிரித்துப் பார்த்தோம். காவலாளி வந்து, "என்னம்மா தேடுறீங்க?" என்றார். "இவரோட பேச்சை" என்றாள் உங்கள் தங்கை. பிறகு அவசர அவசரமாகப் பெட்டியை மூடி ரிப்பன் கட்டி, மேடையேறித் தங்கள் கையில் கொடுத்தோம். அதற்குப் பின்னால் நான் வாயைத் திறந்திருந்தால் விழா என்னவாகியிருக்கும் என்று யோசியுங்கள். தங்கள் மானத்தைக் காக்கவே மௌனம் காத்தேன்.

அக்காவுக்கு என் அன்பு. பிள்ளைகளுக்கு ஆசி, அதில் மூத்தவனுக்குக் கொஞ்சம் கூடுதலாக. தங்கள் கோபத்துக்கு என் தனிப்பட்ட வணக்கம்.

இப்படிக்கு,
வாயடைத்துப்போன மைத்துனன்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் உங்கள் தங்கை இதைப் படித்துவிட்டாள். "நீங்களே திருத்துறீங்களா, எங்க அண்ணனுக்கு நான் போன் போடவா?" என்கிறாள். ஆகவே திருத்துகிறேன். சக்கரம் சுற்றியது இரண்டு சுற்றோ மூன்று சுற்றோ. காகங்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பொத்தான்கள் சட்டையிலேயே இருக்கின்றன. பூதமும் கிடையாதாம். "பஸ்ஸு திரும்பும்போது பக்கத்து ஆள் மேல போய் விழறீங்களே, யாராவது தள்ளுறாங்களா? நீங்க நேராப் போகப் பாக்குறீங்க, பஸ்ஸு திரும்புது. அதே கதைதான். கம்பி உங்களை உள்ள இழுத்து இழுத்துத் திருப்புச்சு. தொளதொளன்னு இருந்த பல்லை யாரு திருப்புவா? உங்க முகம் புதரைப் பாத்துச்சு, ஆனா சக்கரம் உங்களைக் கொண்டுபோனது பெஞ்சுப் பக்கம். வாயை விட்டதும் பல்லு அந்தப் பக்கமேதான் நேராப் போயிருக்கும்."

பெஞ்சில் இருந்தது தங்கள் ஷூ ஒன்றுதான் அத்தான். இன்னும் போட்டுப் பார்க்கவில்லை என்றால், காலை விடுமுன் கையை விட்டுப் பாருங்கள். அது சிரித்தாலும் தாங்கள் சிரிக்க வேண்டாம். கழுவி அனுப்பினால் போதும்.

இத்தனை புளுகிலும் ஒரு சின்ன இடம் நிஜம். பல் போனபோது பாதியில் நின்றதே, அந்த வாக்கியம். "தீர்த்து வெச்சவர் எங்க அத்தான்" என்று முடிய வேண்டியது. பல் வந்தால் நேரில் வந்து சொல்கிறேன். போனை எடுத்தால் பல் இல்லாமலே சொல்லிவிடுகிறேன்.